வீட்டிலேயே பைப் வளைத்து வெல்டிங் வைக்க…

தள்ளுவண்டிக்கோ சைக்கிள் டிரெய்லருக்கோ சட்டம் கட்ட ஜி.ஐ. பைப் வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகும்; சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பதை நம்பாதீர்கள். 2 மி.மீ. கனமுள்ள கறுப்பு எம்.எஸ். பைப் போதும்.

வளைவின் ஆரம் பைப் விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். அதைவிட இறுக்கினால் உள்பக்கம் நசுங்கும். பைப்பின் நெடுக ஓடும் தையல் கோடு வளைவின் வெளிப்பக்கமோ உள்பக்கமோ வராமல், பக்கவாட்டில் இருக்கும்படி வையுங்கள். மணல் நிரப்பிச் சூடேற்றி வளைப்பவர்கள் மணலை வாணலியில் நன்றாக வறுத்த பிறகே நிரப்ப வேண்டும். ஈரம் இருந்தால் நீராவி அழுத்தத்தில் பைப் முனையின் அடைப்பு குண்டுபோல் தெறிக்கும். குளிர்நிலையில் வளைத்தால் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக வளையுங்கள், கை எடுத்ததும் பைப் சற்றே திரும்பி வரும்.

மூட்டில் இடைவெளியை வெல்டிங் ராடால் நிரப்பப் பார்க்காதீர்கள். ஒரு முனையை மற்றதன் உருளைக்குப் பொருந்த அரம் போட்டு வெட்டுங்கள். இதற்குச் செலவிடும் அரை மணி நேரம் வீணல்ல. முதலில் எல்லா மூட்டிலும் டேக் (சிறு புள்ளி வெல்டிங்) மட்டும் வைத்து, மூலைவிட்டங்களை அளந்து சமம் பாருங்கள். பிறகு எதிரெதிர் மூட்டுகளாக மாற்றி மாற்றி முழு வெல்டிங். 2.5 மி.மீ. 6013 ராடுக்கு 60 முதல் 80 ஆம்பியர்.

இரு முனையும் மூடும் பைப்பில் சிறு துளை விடுங்கள்.