ஏழாண்டு வாக்குறுதி: ஒரு நிதிநிலை உரையை வகுப்பறையில் படித்தல்

வரலாற்றுப் பாடத்தில் ஒரு தலைவரின் உரை வரும்போது, அவர் என்ன சொன்னார் என்பதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம். சொன்னது நடந்ததா, நடக்கவில்லையெனில் ஏன் என்று மாணவர்கள் கேட்கப் பழக வேண்டும். அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, 1853 ஏப்ரல் 18 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்களவையில் நிதியமைச்சர் வில்லியம் கிளாட்ஸ்டன் ஆற்றிய நிதிநிலை உரை. அன்று அவர் ஏறத்தாழ நாலே முக்கால் மணி நேரம் பேசினார்.

பின்னணி

நெப்போலியன் போர்க்கால வருமான வரி 1816இல் நீக்கப்பட்டது. 1842இல் பிரதமர் ராபர்ட் பீல், மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று கூறி அதை மீண்டும் கொண்டுவந்தார். பிறகு அது நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வந்தது.

உரை சொன்னது

வரி, பவுண்டுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் 7 பென்னி, அடுத்த இரண்டு ஆண்டுகள் 6 பென்னி, கடைசி மூன்று ஆண்டுகள் 5 பென்னி எனக் குறையும். 1860 ஏப்ரலில் முற்றாக நீங்கும். அதுவரை வரி வரம்பு ஆண்டு வருமானம் 150 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக இறங்கும். அயர்லாந்துக்கும் வரி உண்டு. 100 முதல் 150 பவுண்டு வரை பெறுவோருக்கு 5 பென்னி மட்டுமே. சோப்பு மீதான வரி நீங்கும். அதுவரை விலக்குப் பெற்றிருந்த நிலச்சொத்தும், வாரிசுக்குப் போகும்போது வரிக்கு உட்படும்.

நடந்தது

1854இல் பிரிட்டன் கிரிமியப் போரில் இறங்கியது. போர்ச் செலவைக் கடனால் அல்லாமல் வரியால் சமாளிக்க வேண்டும் என்று வாதிட்ட கிளாட்ஸ்டனே வருமான வரியை 14 பென்னியாக உயர்த்தினார். வரி மறைய வேண்டிய 1860இல், மீண்டும் நிதியமைச்சராக இருந்த அவர், 150 பவுண்டுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 10 பென்னி விதித்தார். அதே ஆண்டில் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரியை அறிமுகப்படுத்தினார். அதை வெளிப்படையாக எதிர்த்த சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் திருப்பி அழைக்கப்பட்டார்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. கணக்கு: அக்காலத்தில் ஒரு பவுண்டு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்னி. ஆண்டுக்கு 120 பவுண்டு பெறும் எழுத்தர் கட்டும் வரி எவ்வளவு? (120 × 5 = 600 பென்னி; அதாவது 2 பவுண்டு 10 ஷில்லிங்.) தொடக்க வகுப்புகளில் அலகு மாற்றத்தை மட்டும் செய்விக்கலாம்.

2. அட்டவணை: ‘சொன்னது’, ‘நடந்தது’, ‘காரணம்’ என மூன்று பத்திகளில் குழுவாக நிரப்பச் செய்யுங்கள்.

3. விவாதம்: ‘கிளாட்ஸ்டன் வாக்குத் தவறினார்’ என்பதற்குச் சார்பாகவும் எதிராகவும் மாணவர்கள் பேசட்டும். எந்தப் பக்கம் பேசினாலும் ஓர் ஆண்டையோ எண்ணையோ சான்றாகத் தர வேண்டும். போர் மூளாதிருந்தால் வரி நீங்கியிருக்குமா என்ற வினாவை இறுதியில் எழுப்புங்கள். இதற்கு ஒரே விடை இல்லை. எனவே முடிவுக்கு அல்லாமல், காட்டும் காரணத்துக்கே மதிப்பெண் தாருங்கள்.