மின்னெழுச்சித் தடுப்பியும் எர்த் கம்பியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி முழங்கத் தொடங்கினால் தொலைக்காட்சியின் பிளக்கைப் பிடுங்கி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். இது மூடநம்பிக்கையன்று, அறிவியலுக்குப் பொருந்துவதே. ஆயினும் எந்நேரமும் வீட்டில் ஆள் இருப்பதில்லை. எனவே வீடு முழுமைக்கும் சேர்த்து மெயின் போர்டில் பொருத்தும் மின்னெழுச்சித் தடுப்பிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு எர்த்துடன் இணைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். மின்னல் நம் கூரைமீதே விழ வேண்டுவதில்லை. தெருவில் ஓடும் மின்கம்பியின் அருகே விழுந்தாலும், தூண்டலால் அக்கம்பியில் பல ஆயிரம் வோல்ட் தோன்றும். அது சில மைக்ரோ நொடிகளே நீடிக்கும். ஃபியூஸ் உருகுமுன்பே சேதம் முடிந்துவிடும். இடிதாங்கி கட்டடத்தைக் காக்குமேயன்றி, கம்பி வழியே வரும் எழுச்சியைத் தடுக்காது.

தடுப்பியினுள் இருப்பது பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு வில்லை. சாதாரண மின்னழுத்தத்தில் அது மின்கடத்தாப் பொருள்போல் நிற்கும். அழுத்தம் எல்லை மீறினால் நொடிப்பொழுதில் கடத்தியாக மாறும். அதாவது, எழுச்சியை அது விழுங்குவதில்லை. வேறு வழியில் திருப்பிவிடுகிறது. ஏரியின் மதகைத் திறந்தால் மட்டும் போதுமா? நீர் போக வாய்க்கால் வேண்டாமா? அந்த வாய்க்காலே எர்த் கம்பி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தை கொத்து வேலை செய்பவர். சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரே இடியில் இரண்டு வீட்டுத் தொலைக்காட்சிகள் கருகின. எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கோ அப்போது பாதித் தவணைகூட முடியவில்லை. “ஏம்ப்பா, காலேஜுல கரண்டைப் பத்தித்தானே படிக்கிற? அந்தப் பொட்டியை வாங்கலாமா வேணாமா, நீ சொல்லு” என்றார் தந்தை. பதில் சொல்லும் பொறுப்பு வந்த பின்னரே இதை ஊன்றிப் படித்தேன்.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, வகை: கூரையில் இடிதாங்கி உள்ள கட்டடத்திற்கு முதல் வகையும், மற்ற வீடுகளின் மெயின் போர்டுக்கு இரண்டாம் வகையும் ஏற்றவை. இரண்டாவது, இடைவிடாது தாங்கும் மின்னழுத்தம்: 275 அல்லது 320 வோல்ட் என்று குறித்திருக்கும், நம் ஊர் ஏற்ற இறக்கத்திற்கு 320 மேலானது. மூன்றாவது, காப்பு மின்னழுத்தம்: 1.5 கிலோவோல்ட் அல்லது அதற்குக் குறைவாக இருத்தல் நன்று. நான்காவது, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்று என இரு காப்புகளும் இருத்தல் வேண்டும்.

இனி, வகுப்பில் படித்த சூத்திரம் ஒன்றை வீட்டுச் சுவரில் பொருத்திப் பார்ப்போம். நேரான கம்பியின் தன்மின்தூண்டல் மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி. 10,000 ஆம்பியர் மின்னோட்டம் 8 மைக்ரோ நொடியில் எழுவதாகக் கொண்டால், 1 மீட்டர் கம்பியில் மட்டும் தோன்றும் அழுத்தம் 1,250 வோல்ட். தடுப்பியின் 1,500 வோல்ட்டுடன் இதனைக் கூட்டினால் 2,750. வீட்டுச் சாதனங்கள் பொதுவாகத் தாங்க வேண்டிய அளவோ 2,500 வோல்ட்தான். கம்பி அரை மீட்டராயின் கூட்டுத்தொகை 2,125, சாதனம் பிழைக்கும். கம்பியைத் தடிமனாக்குவதால் பெரும் பயனில்லை; நீளத்தைக் குறைப்பதே வழி. எனவே தடுப்பியின் இருபுறக் கம்பிகளும் சேர்ந்து அரை மீட்டருக்கு மேற்படாமல், வளையமாகச் சுற்றாமல், மெயின் போர்டின் எர்த் பட்டையிலேயே முடிய வேண்டும். அந்தப் பட்டையிலிருந்து எர்த் குழிக்குக் கம்பி செல்லட்டும்.

டிஷ் ஆன்டெனாவுக்கெனத் தனியே ஒரு குழி தோண்டி விடுவதும் தவறு. 10 ஓம் தடையுள்ள குழியில் 1,000 ஆம்பியர் பாய்ந்தால், ஓம் விதிப்படி அங்கே 10,000 வோல்ட் எழும். இரு குழிகளும் இணைக்கப்படாவிட்டால் அந்த வேறுபாடு முழுவதும் தொலைக்காட்சியின் வழியே பாயும். இணைத்துவிட்டால் எல்லாம் ஒன்றாக உயர்ந்து ஒன்றாக இறங்கும். மின்கம்பியில் அமர்ந்த காக்கைக்குத் தீங்கு நேராததும் இதனால்தான். குழியின் ஈரமும் முக்கியம். காய்ந்த மண்ணில் தடை கூடும். ஆதலால் கோடையில் எர்த் குழிக்கு நீர் ஊற்றுதல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், வீட்டிற்குள் 400 வோல்ட் அளவுக்கு அழுத்தம் வந்து நிலைத்து நிற்கக்கூடும். மைக்ரோ நொடிக்கென அமைந்த தடுப்பி அதனைத் தாங்காது, எரியவும் கூடும். அதற்கு மின்னழுத்தம் மிகும்போது இணைப்பைத் துண்டிக்கும் ரிலே தனியாக வேண்டும். மனித உயிரைக் காப்பதோ ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

நண்பர்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் வீட்டு எர்த் குழியை ஒருமுறை பாருங்கள். கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தால், உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து முதலில் அதைச் சீர்செய்யுங்கள். பெட்டியை வாங்குவது அதற்கு அடுத்த வேலை. வாய்க்கால் தூர்ந்த ஏரிக்குப் புதிய மதகு எதற்கு?