மலையேற்றத்தில் சைக்கிளின் வேகம்
பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஆல்ப் துவேஸ் பாதை 13.8 கிலோமீட்டர் நீளமும் 21 கொண்டையூசி வளைவுகளும் உடையது. ஏறும் உயரம் ஏறக்குறைய 1,100 மீட்டர். சைக்கிளுடன் 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரத்தில் உச்சியை அடைய, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டுமே சராசரி 240 வாட் திறன் தேவை. காற்றுத் தடையும் உராய்வும் தனி. அந்நேரத்தை 55 நிமிடமாகக் குறைக்க விரும்பின் 261 வாட் வேண்டும். சொற்பமெனத் தோன்றும் இவ்வேறுபாட்டை ஈட்டப் பல மாதப் பயிற்சியும் வேண்டியிருக்கலாம்.

எடையில் ஒரு கிலோகிராம் குறைந்தால், அதே திறனில் சுமார் 45 வினாடி மிச்சமாகும். எனினும் விலையுயர்ந்த சக்கரங்களைக் காட்டிலும் நிதானமே மிகுதியும் பயன் தருவது. இப்பாதையின் தொடக்கமே மிகச் செங்குத்தானது. அங்கு விரைபவர், ஈட்டிய வினாடிகளைப் பின்னர் நிமிடங்களாக இழக்கக்கூடும். வளைவுகளின் எண்கள் அடிவாரத்தில் 21 எனத் தொடங்கி உச்சியை நோக்கிக் குறைவதால், ஒவ்வொன்றிலும் முன்னைய நேரத்துடன் ஒப்பிட்டுச் செல்லுதல் எளிது.