இணையம் போனால் அலுவலகமும் படுத்துவிட வேண்டுமா?

கேள்வி: எங்கள் சங்க அலுவலகத்தில் 8 கணினிகள். மழை வந்தால் இணையம் போகிறது, வேலையும் நின்றுவிடுகிறது. லினக்ஸுக்கு மாறினால் சரியாகுமா?
– ஒரு வாசகர், மாட்டுப்பட்டி

பதில்: லினக்ஸுக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை! உங்கள் கணக்கெல்லாம் இணையத்துக்கு அப்பால் எங்கோ இருப்பதுதான் சிக்கல்.

உங்கள் ஊர் அணையை நடத்தும் கேரள மின்வாரியத்தையே பாருங்கள். பில் போடும் ‘ஒரும’ மென்பொருளை லினக்ஸில் தங்கள் ஊழியர்களை வைத்தே எழுதிக்கொண்டார்கள். தொடக்கத்தில் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு சர்வர். எல்லாவற்றையும் ஒரே மையத்தில் இணைத்தது பிறகுதான். பழுது பார்க்கத் தெரிந்த ஆள் உள்ளேயே இருந்தார், அதுதான் பெரிய விஷயம். அப்படி ஒருவர் உங்களிடம் இல்லையென்றால் இப்போதைக்கு லினக்ஸ் வேண்டாம் என்பேன்.

மின்வாரியம் தொடக்கத்தில் செய்ததுபோல ஒரு சர்வரை அலுவலகத்திலேயே வையுங்கள். ஒரு ஸ்விட்ச், கேட்-6 கேபிள், யுபிஎஸ் போதும். இணையம் போனாலும் ரசீது அடிக்கலாம். செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பக்கத்துக் கட்டடத்துக்கு இழுப்பதானால் தூரம் குறைவானாலும் ஃபைபரே போடுங்கள். உங்கள் இடுக்கி மாவட்டத்து இடி செம்புக் கம்பி வழியே வந்து ஸ்விட்சைக் கருக்கிவிடும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது.

2023 ஜூனில் தொடங்கிய, கேரள அரசின் ஃபைபர் இணையமான கே-ஃபோன் இணைப்பு உங்கள் பக்கம் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள். தினமும் மாலை கணக்கை ஒரு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, அதை வேறு கட்டடத்தில் பூட்டி வையுங்கள்.