ரெசின் மணிகளும் கரியமில வாயுவும்

"கரியமில வாயுவிலிருந்து ரசாயனம் எடுப்பது இப்போதுதான் கண்டுபிடித்த வித்தை."

இல்லை. வயலில் வீசும் யூரியா, அம்மோனியாவும் கரியமில வாயுவும் சேர்ந்து உருவாவதுதான். ஆஸ்பிரினுக்கு மூலப்பொருளான சாலிசிலிக் அமிலத்தையும் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்த வாயுவைக் கொண்டு தயாரித்து வருகிறார்கள்.

"பாலிமர் என்றால் பிளாஸ்டிக். அது எப்படி வினையூக்கியாகும்?"

வீட்டு வாட்டர் சாஃப்ட்னருக்குள் கேழ்வரகு போல, தேன் நிறத்தில் ரெசின் மணிகள் இருக்கும். பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அதே குடும்பத்து மணிகளில் நேர்மின்னூட்டம் கொண்ட நைட்ரஜன் கிளைகளைப் பொருத்தி, பக்கத்தில் புரோமைடு அயனிகளை ஒட்டவைத்தால் வினையூக்கி தயார்.

இந்த மணிகள் கரியமில வாயுவோடு சேர்த்துவைக்கும் எத்திலீன் ஆக்சைடு, மூன்று அணுக்களை நெருக்கி வளைத்த வளையம். நாணேற்றிய வில்லைப் போல எப்போதும் விறைப்பாக நிற்கும். புரோமைடு வந்து தொட்டதும் வளையம் திறக்கிறது. விடுபட்ட ஆக்சிஜன் முனை கரியமில வாயுவைப் பற்றுகிறது, மறுமுனை சுற்றி வந்து பூட்டிக்கொள்கிறது, புரோமைடு மணிக்கே திரும்புகிறது. கிடைப்பது எத்திலீன் கார்பனேட். லித்தியம் பேட்டரி எலக்ட்ரோலைட்டில் சேர்க்கும் பொருள். வளையத்தின் மூலக்கூறு எடை 44, வாயுவுக்கும் 44, விளைபொருளுக்கு 88. பொருளின் எடையில் சரிபாதி கரியமில வாயு! இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கரைந்துபோகும் வினையூக்கியாக இருந்தால் பொருளைக் காய்ச்சி வடித்துத்தான் பிரிக்க வேண்டும். மணிகளை, தேயிலையை வடிகட்டுவதுபோல எடுத்து மறுபடியும் போடலாம். பாலிமரின் அருமை அதில்தான். ஆனால் கடும் சூட்டில் நைட்ரஜன் கிளைகள் மெல்ல உதிர்ந்துவிடும். ஆகவே புது வினையூக்கி என்று செய்தி வந்தால், எத்தனை சுற்று தாங்கியது என்று முதலில் கேளுங்கள்.

"நல்ல வினையூக்கி கிடைத்துவிட்டால் ஆற்றல் செலவே இல்லை."

அதிகம் பரவியிருப்பதும் அதிகம் கெடுப்பதும் இந்த நம்பிக்கைதான். கரியமில வாயு என்பது கார்பன் எரிந்து தணிந்த நிலை. வினையூக்கி நடுவிலுள்ள மலையின் உயரத்தைக் குறைக்கும். பள்ளத்தில் கிடப்பதைத் தானே மேலே தூக்காது. மேலே சொன்ன வினையில் வலு முழுவதும் வளையத்தின் விறைப்பிலிருந்து வருகிறது. அந்த வளையத்துக்கான எத்திலீன் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருகிறது. கரியமில வாயுவை மெத்தனாலாக்க வேண்டுமென்றால் ஹைட்ரஜன் வேண்டும். ஐஸ்லாந்தில் 2012-இல் தொடங்கிய ஜார்ஜ் ஓலா ஆலை, ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் மெத்தனால் தயாரிக்கும் திறன் கொண்டிருந்தது. அங்கே நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கப் புவிவெப்ப மின் நிலையம் பக்கத்திலேயே இருந்தது. அதையே நிலக்கரி மின்சாரத்தில் செய்தால், ஆலை விழுங்குவதைவிடப் புகைபோக்கி கக்குவது அதிகமாகும்.

"பொருளாக்கிவிட்டால் வாயு அடைபட்டுவிடும்."

யூரியா மண்ணில் விழுந்த சில நாட்களில் சிதைந்து வாயுவைத் திருப்பித் தந்துவிடும். மெத்தனாலில் இருந்தது எரிந்த அன்றே வெளியேறும். எரிபொருட்களிலிருந்து உலகம் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. தொழில்துறை எல்லாவற்றுக்குமாகப் பயன்படுத்துவது சுமார் 23 கோடி டன். கொஞ்சம் நீண்ட நாள் தங்கும் வழிகளும் உண்டு. தைவானில் 2002 முதல், எத்திலீன் கார்பனேட் வழியாகவே பாலிகார்பனேட் தயாரிக்கிறார்கள். கார் ஹெட்லைட் மூடியாகும் பிளாஸ்டிக் அது. அதில் சேர்ந்த கார்பன், அந்த மூடி என்றோ ஒருநாள் குப்பையில் எரியும்வரை உள்ளேயே இருக்கும்.