உப்பு, வினிகர், இஸ்திரிப்பெட்டி: மூன்றும் சேர்ந்தாலும் மை நிற்காது

தாத்தாவின் சதாபிஷேகத்துக்கும் பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கும் வெள்ளித் தட்டு, குத்துவிளக்கு என்று கொடுத்து அலுத்தவர்களுக்குக் கையெழுத்துக் குயில்ட் நல்ல யோசனைதான். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு துண்டுத் துணியில் பெயரெழுதித் தர, அவற்றைச் சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சு அடுக்கு வைத்துப் போர்வையாக்கும் வேலை அது. அமெரிக்காவில் 1840-களில் இது பெரிய மோகமாகவே இருந்தது. யோசனை நம்மூர்க் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்தபோது கூடவே ஒரு கைவைத்தியமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது: ‘எந்தப் பேனாவில் வேண்டுமானாலும் எழுதுங்கள். உப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, சூடாக இஸ்திரி போட்டுவிட்டால் மை ஆயுசுக்கும் போகாது.’

போகும். நன்றாகவே போகும். பேரன் பேத்திகளின் பெயரெல்லாம் சோப்புத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போன பிறகு ‘உப்பு குறைச்சலாகப் போட்டுவிட்டீர்கள்’ என்று பதில் வரும்.

இந்த நம்பிக்கையின் வேர் வீட்டு வாளியில் இருக்கிறது. புதுச் சுங்குடிப் புடவையை முதல் தடவை உப்புத் தண்ணீரில் நனைத்தெடுப்பது பழைய வழக்கம். உப்பு இருக்கும்வரை சாயம் தண்ணீருக்கு வராமல் துணியோடு ஒண்டிக்கொள்ளும். வாளித் தண்ணீர் தெளிவாக இருக்கும். அதைப் பார்த்து ‘சாயம் பிடித்துக்கொண்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். அடுத்த தடவை வெறும் தண்ணீரில் போட்டதும் சிவப்பு இறங்கும்போது, பழி புடவைக் கடைக்காரர் தலையில் விழுகிறது.

‘அப்படியானால் திருப்பூரில் ஏன் மூட்டை மூட்டையாக உப்பு கொட்டுகிறார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. கொட்டுகிறார்கள்தான். அந்த உப்பு நொய்யலில் கலந்து, விவகாரம் நீதிமன்றம்வரை போய், 2011-இல் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அங்கேயும் சாயத்தைப் பிணைப்பது உப்பு இல்லை. தண்ணீரில் பருத்தி இழையும் சாயமும் ஒன்றையொன்று தள்ளிவிடும். உப்பு அந்தப் பிணக்கைக் குறைத்துச் சாயத்தை இழைக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். பிறகு சேர்க்கிற சோடா காரம்தான் இரண்டையும் ரசாயனமாகக் கட்டிப்போடுகிறது. அதுவும் அதற்கென்றே செய்த ரியாக்டிவ் சாயத்தை. பெட்டிக்கடையில் வாங்கிய பேனாவின் மைக்கு இந்தச் சாயப்பட்டறைச் சாஸ்திரம் எதுவும் பொருந்தாது.

வினிகர் கதையும் இப்படித்தான். பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற அமிலச் சாயம் பிடிக்க அமிலம் வேண்டும் என்பது உண்மை. பருத்தியில் வினிகரை ஊற்றினால் வீடு முழுக்க ஊறுகாய் வாசனை வரும், வேறொன்றும் நடக்காது. பால்பாயின்ட் பேனாவில் இருப்பது எண்ணெய்ப் பசை. பள்ளிச் சட்டைப் பையில் கசிந்த கறையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எடுத்திருக்கும் அம்மாக்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘பெர்மனன்ட்’ என்று அச்சடித்த மார்க்கரும் கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும்தான் லாயக்கு. துணியில் அதன் சாயம் எழுத்தைச் சுற்றிக் கசிந்து பரவும், நாளடைவில் வெளிறும்.

துணியில் நிற்கிற மை உலகத்துக்குத் தெரியாதது அல்ல. சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைப் பாலால் போட்ட குறி, சட்டை கிழிந்த பிறகும் அழியாமல் இருந்தது. (யாரும் முயன்று பார்க்க வேண்டாம், தோல் கொப்பளித்துவிடும்.) மைசூரில் ஓர் அரசு நிறுவனம் 1962 முதல் தயாரிக்கும் தேர்தல் மையில் இருக்கும் வெள்ளி நைட்ரேட்தான், 19-ஆம் நூற்றாண்டில் துணிகளில் பெயரெழுதும் மைகளிலும் இருந்தது. இரும்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த இன்னொரு மையும் அன்று புழங்கியது. அது அழியவில்லை, துணியைத்தான் அரித்தது. பெயர் இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழுந்த பழைய குயில்ட்கள் உண்டு.

இன்றைக்கு அத்தனை பாடு வேண்டாம். நிறமித்துகள் கலந்த மைப் பேனா வாங்கினால் போதும். சகுரா நிறுவனத்தின் பிக்மா வகை ஓர் உதாரணம். நூறு சதவீதப் பருத்தி பாப்ளினை முதலில் துவைத்துக் கஞ்சியை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் மை கஞ்சிமேல்தான் உட்காரும். அடியில் நைஸ் உப்புத்தாள் வைத்தால் துணி நழுவாது. பேனாவை அழுத்தாமல், மெதுவாக எழுத வேண்டும். ஓரத்தில் தையலுக்குக் கால் அங்குலம் போய்விடும் என்பதால் நாலு பக்கமும் அரை அங்குலம் விட்டுப் பென்சில் கோடு போட்டே துணியைக் கொடுப்பது நல்லது. மாமாக்கள் கோடு இருந்தாலும் தாண்டுவார்கள். ஒருநாள் காயவைத்து, ஆவி இல்லாமல் பின்பக்கமாக இஸ்திரி போடலாம். சூடு இங்கே பயன்படும், மை அதற்கேற்றதாக இருப்பதால். முதலில் ஒரு துண்டில் எழுதி, வீட்டுச் சோப்பிலேயே நாலைந்து தடவை துவைத்துப் பார்ப்பதற்கு மட்டும் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

பளபளக்கும் பாலியெஸ்டர் சாட்டின்தான் பரிசுக்கு அழகு என்பது அடுத்த நம்பிக்கை. மை அதில் ஊறாது; விவாதத்துக்கே இடமில்லை.

எல்லோரும் ஒரே இடத்தில் கூடி எழுத வேண்டும் என்பதும் வீண் பேச்சு. ரோட் ஐலண்டைச் சேர்ந்த அடலின் ஹாரிஸ் என்ற இளம்பெண் 1856-இல் தொடங்கிப் பட்டுத் துண்டுகளைத் தபாலில் அனுப்பியே 360 கையெழுத்துகள் சேர்த்தார். லிங்கனும் சார்லஸ் டிக்கன்ஸும் அதில் இருக்கிறார்கள். குயில்ட் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவரவர் கையாலேயே எழுத வேண்டும் என்றும் விதி இல்லை. அந்தக் காலத்துக் குயில்ட்கள் பலவற்றில் கையெழுத்து அழகாக உள்ள ஒருவரே அத்தனை பெயரையும் எழுதியிருக்கிறார். கை நடுங்கும் பாட்டிக்குப் பேத்தி எழுதிக் கொடுத்தால் குடி முழுகிவிடாது.

மையை நம்பவே பயமாக இருந்தால், எழுத்தின் மேலேயே இரண்டு இழை நூலால் காம்புத் தையலோ பின்தையலோ போட்டுவிடலாம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் பிடியிலிருந்த சிங்கப்பூர் சாங்கிச் சிறையில், சுமார் 20 சிறுமிகள் தங்கள் சாரணர் தலைவி எலிசபெத் என்னிஸுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு குயில்ட் தைத்தார்கள். கிடைத்த கந்தல்களை அறுகோணமாக வெட்டி, பெயர்களை ஊசியால் தைத்தார்கள். இன்று லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் அந்தப் பெயர்களைப் படிக்க முடிகிறது.

எப்படி எழுதுவது என்பதைவிட என்ன எழுதுவது என்பதில்தான் நம் குடும்பங்கள் அதிகம் சொதப்புகின்றன. ‘திருமதி கிருஷ்ணமூர்த்தி’, ‘மீனா அத்தை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்த மீனா? அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே பதிவானது. அடிமைகள் அல்லாத எல்லோருடைய பெயரையும் எழுதியது 1850-இல்தான். அதற்கு முந்தைய பெண்கள் பலரின் பெயரைத் தேடும் குடும்ப வரலாற்று ஆர்வலர்களுக்கு இந்தப் போர்வைகள் கைகொடுக்கின்றன. ஆகவே பிறந்த வீட்டு இனிஷியலோடு சொந்தப் பெயர், ஊர், உறவுமுறை எல்லாம் சதுரத்திலேயே வர வேண்டும். பின்பக்கம் ஒரு துண்டுத் துணியில் விசேஷமும் தேதியும் இருக்க வேண்டும். ‘அவர் பேர் இல்லாம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?’ என்று பெரியம்மா இழுத்தால், பெரியப்பாவுக்குத் தனியாக ஒரு சதுரம் வெட்டிக் கொடுத்துவிடலாம்.