ஏலக்காய் ஸ்டோருக்குப் போய்வந்த தம்பிக்கு

தேவதானப்பட்டித் தம்பிக்கு,

வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் காயவைக்கும் ஒரு ஸ்டோரில் கேஸ் டிரையரை சர்வீஸ் பார்த்துவிட்டு நீ எழுதிய ரிப்போர்ட்டைப் படித்தேன். பேரிங், பெல்ட், கிரீஸ் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: 'லிமிட் சுவிட்ச் அடிக்கடி ட்ரிப் ஆனதால் டைரக்ட் செய்யப்பட்டது.' அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

லிமிட் ஏன் ட்ரிப் ஆகிறது? சூடு வெளியேறவில்லை. காற்று குறைந்தால் தட்டில் கிடக்கும் காய் சூடேறாது. ரூம் தெர்மோஸ்டாட் 50 டிகிரியைக் காணாமல் பர்னரை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். சூடெல்லாம் பர்னர் அறையிலேயே தேங்கும். அங்கே குறுக்கே நிற்பது அந்த லிமிட் ஒன்றுதான். அதையா நீ வயர் போட்டு முடக்கினாய்?

'டிரான்ஸ்பார்மர் மாற்றியதிலிருந்துதான் தொல்லை' என்று முதலாளி சொன்னதை நீயே மேலே எழுதியிருக்கிறாய். அப்புறம் என்னப்பா? ஃபேஸ் மாறியிருக்கும், காற்றைத் தள்ளும் புளோயர் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். இந்த வகை புளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வாய் வழியாகத்தான் வரும். அளவு மட்டும் படுத்துவிடும். கையை நீட்டிப் பார்த்து 'காற்று வருகிறது, ஓகே' என்று எழுதிவிட்டாய். உறையில் ஒரு அம்புக்குறி இருக்குமே, தூசியைத் துடைத்துப் பார்த்தாயா?

இந்த 'ஓகே'யைத்தான் என்னால் தாங்க முடியாது. ஓகே என்பது எத்தனை ஆம்பியர்? கிளாம்ப் மீட்டர் பையில் தூங்குகிறதா? காற்றுப் பாதை அடைத்தால் மோட்டார் ஆம்பியர் கூடும் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். இந்த புளோயரில் குறையும். எழுதி வைத்தவனுக்குத்தான் அது தெரியவரும்.

விறகு அடுப்புக் காலத்தில் தேவாரத்துக்காரர் ஒருவர் ஸ்டோர் பார்த்தார். தகரக் குழாய் அறைக்குள் ஓடும். வெளியே நின்று ராத்திரி முழுக்க விறகு தள்ளுவார். கண் அயர்ந்து 55 டிகிரியைத் தாண்டவிட்டால் பச்சை போய் மஞ்சளடிக்கும், காய் வெடிக்கும், போடி ஏலத்தில் விலை சரியும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும், அதையும் கெடுத்தால் முதலாளி சும்மா விடுவாரா? கதவைத் திறந்ததும் வாசனையிலேயே சூட்டைச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டுத் தெர்மாமீட்டரையும் பார்த்து நோட்டில் எழுதுவார். பீடி நெருப்பு பட்டுப் பட்டு அந்த நோட்டெல்லாம் ஓட்டை.

ஆனால் தம்பி, 'ஸ்டோர்க் கதவைச் சாத்தினால்தான் தீ மஞ்சளாகிறது, திறந்தால் நீலமாகிறது' என்று கடைசியில் எழுதி, சுவரில் காற்றுத்துளை போடச் சொன்னாயே, அங்கே எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். பர்னருக்கு மூச்சு முட்டுவதை இப்படிக் கண்டுபிடித்தவன் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை பேர்? மூச்சு முட்டிய பர்னர் கக்கும் விஷப்புகை மணக்காது. உள்ளே படுத்துத் தூங்குகிற ஆளை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். நானாக இருந்தால் ஜெட்டைக் கழற்றி ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நாளைக்கே ஜீப் பிடித்து மேலே போ. வயரைப் பிடுங்கு. மூன்றில் இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடு. பிறகு மூன்றிலும் தனித்தனியாக ஆம்பியர் எடுத்து, மோட்டார் தகட்டில் உள்ளதையும் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பு. 'ஓகே' என்று அனுப்பினால் பதில் வராது.